மருந்தடிக்காத கல்

கல்லில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பார்ப்பதுதான் என் தொழிலில் முதல் வேலை. அதுவேதான் கடைசி வேலையும். பூசுவதற்கு முன் விட்ட துளி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லுக்குள் இறங்கி, இருந்த இடத்தைக் கருமையாக்கிவிட்டுப் போய்விடும். பூசிக் காய்ந்த பிறகு விட்ட துளி, மேலே உருண்டையாகக் குந்திக்கொண்டு அசையாமல் இருக்கும். அப்படி அது குந்தியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற திமிர் இருக்கிறதே, அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, குனியவைத்து, காட்டிவிட்டுத்தான் சாமான்களைக் கட்டுவேன்.

நான் கல், ஓடு, கொங்கிறீற் நிலங்களுக்குக் கறை பிடிக்காமல் காப்புப் பூசுகிறவள். இருப்பது ஜேர்மனியில், வுப்பர்டால் நகரத்தில், வேலை சுற்றுவட்டாரம் முழுக்க. இறைச்சிக்கடை நிலம், தேவாலயப் படி, கார் நிறுத்தும் கொட்டகை, பணக்கார வீட்டுக் குளியலறை, எதுவென்றாலும் போவேன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு, ஓடு பதிக்கும் தொழிலில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்யப்போகிறேன் என்று நான் சொன்ன நாளில் எங்கள் வீடு செத்தவீடு போலக் கிடந்தது. அம்மா சாப்பிடவில்லை. அப்பா, "முழங்காலிலை நிண்டு வேலை செய்யவோ உன்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தனாங்கள்?" என்று கேட்டார். ஓம், முழங்காலில் நின்றுதான் செய்கிறேன். ஆனால் நான் எழும்பிப் போன பிறகு அந்த நிலத்தில் ஆட்கள் வருடக்கணக்காக நடக்கிறார்கள், சாப்பாட்டைக் கொட்டுகிறார்கள், நாய் வளர்க்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், நிலம் அப்படியே இருக்கிறது. கதிரையில் இருந்து வேலை செய்கிற எத்தனை பேருக்கு இப்படிச் சொல்ல வாய்க்கும்?

எங்கள் ஆட்களுக்கு இந்த வேலையை விளங்கப்படுத்துவதுதான் பெரும்பாடு. கலியாண வீடுகளில் யாராவது, "பிள்ளை என்ன வேலை செய்யிறீர்?" என்று கேட்பார்கள். சொன்னதும் முகத்தைக் கொஞ்சம் இரக்கமாக வைத்துக்கொண்டு, "அப்ப கிளீனிங்தானே?" என்பார்கள். கிளீனிங் என்பது வந்த கறையை எடுப்பது, என் வேலை கறையை வரவிடாமல் செய்வது என்று ஒவ்வொருவருக்கும் நின்று சண்டை பிடித்திருக்கிறேன். என் சத்தத்துக்குப் பயந்தோ என்னவோ, கடைசியில் அவர்களாகவே எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: கல்லுக்கு மருந்தடிக்கிற பிள்ளை. மிளகாய்க் கன்றுக்கு அடிப்பது போல நினைத்திருப்பார்கள். பரவாயில்லை. கிளீனிங் என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பெயர் வைத்தார்களே ஒழிய, கனகாலமாக அவர்களில் ஒருவரும் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட அவர்களுக்குச் சொந்தமாக நிலம் இருந்தால்தானே? எல்லோரும் வாடகை வீட்டில் இருந்தார்கள். இப்போதுதான் ஒவ்வொருவராக வீடு வாங்குகிறார்கள். அப்படி வாங்கி, என்னை முதன்முதலில் கூப்பிட்ட தமிழ் வீடு ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கூப்பிட்டவர்கள் அறுபதை எட்டிய ஒரு கணவனும் மனைவியும். அண்ணை உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலையும் பகல் வேலையும் மாறி மாறிச் செய்து களைத்தவர். அக்கா முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தார். மகனும் மகளும் படித்து வேறு ஊர்களுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மேட்டுத் தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கி, சுவரிடித்து, குழாய் மாற்றி, கீழ்த்தளம் முழுக்க ஜூராக் கல் பதித்திருந்தார்கள். பவேரியாவில் வெட்டுகிற மங்கல் மஞ்சள் சுண்ணக்கல் அது. உற்றுப் பார்த்தால் உள்ளே சிப்பியும் நத்தையுமாக இருக்கும். வடிவான கல்தான், ஆனால் எதையும் குடித்துவிடும். அதற்குக் காப்புப் பூசாமல் எங்கள் சமையல் செய்வது ஆகாத காரியம்.

"பிள்ளை, குடிபூரலுக்கு முன்னம் முடிச்சுத் தரவேணும்," என்றார் அண்ணை தொலைபேசியில். "ஐயர் நாள் வைச்சுத் தந்திட்டார். அதை விட்டால் பேந்து மார்கழி வந்திடும்."

"கல்லு காய்ஞ்சிருந்தால் செய்யலாம் அண்ணை."

"அது வடிவாய்க் காய்ஞ்சிருக்கும். நான் பத்திரமா வைச்சிருக்கிறன்."

அவர் பத்திரமாக வைத்திருந்த விதத்தைக் கதவைத் திறந்ததும் பார்த்தேன். கண்ணுக்குக் கல்லே தெரியவில்லை. கீழே கனத்த பிளாஸ்ரிக் விரிப்பு, அதன்மேல் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்த மட்டைகள், அதற்கும் மேலே பழைய கம்பளத் துண்டுகள், ஓரமெல்லாம் பட்டியால் ஒட்டி மூடியிருந்தது. கல் பதித்தவர்கள் படியிறங்கிப் போன அன்றைக்கே விரித்தாராம். "ஒரு கீறல் விழேல்லை," என்று பெருமையாகச் சொன்னார்.

நான் குந்தியிருந்து ஒரு மூலையைக் கிழித்துத் தூக்கினேன். உள்ளே பிளாஸ்ரிக்கின் அடிப்பக்கம் முழுக்க வியர்த்துப்போய் நீர்த்துளிகள். கல்லில் பெரிய பெரிய கருந்திட்டுகள். புதிதாகப் பதித்த கல்லுக்குக் கீழே சாந்தின் ஈரம் இருக்கும். அது கல் வழியாகத்தான் மேலே வந்து காற்றில் போகவேண்டும். அதன் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்திவிட்டு, பத்திரமாக வைத்திருக்கிறேன் என்கிறார் மனிசன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அண்ணை, இது கல்லு. பழைய சோறில்லை, மூடி வைக்கிறதுக்கு. இப்பிடியே மருந்தடிச்சால் உந்தத் திட்டெல்லாம் உள்ளுக்கை நிண்டுபோகும். ஆர் உங்களுக்கு இதை மூடச் சொன்னது?"

அக்காதான் பின்னால் நின்று, "ஒருத்தரும் சொல்லேல்லை பிள்ளை. அவருக்கு மூடித்தான் பழக்கம்," என்றார்.

அந்தப் பழக்கத்தை எனக்குத் தெரியாதா? நானும் அப்படியான வீட்டில் வளர்ந்தவள்தானே. எங்கள் வாடகை வீட்டில் அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரை நான் பார்த்ததே இல்லை. தாளிக்கிற எண்ணெய் தெறிக்கும் என்று அம்மா அதை அலுமினியத் தாளால் மூடியிருந்தா. சாப்பாட்டு மேசைக்குக் கீழே பிளாஸ்ரிக், மேசைக்கு மேலேயும் பிளாஸ்ரிக். சுவரில் ஆணி அடிப்பதற்கு அப்பா ஒரு கிழமை யோசிப்பார். வீடு மாறும்போது ஓட்டைகளை வெள்ளைப் பற்பசையால் அடைத்து, விரலால் தடவி, மேலே வெள்ளையடித்துவிடுவோம். அதில் நான் கெட்டிக்காரி. இப்படி ஒரு வீட்டைத் திருப்பிக் கொடுத்த நாளில், பார்க்க வந்த வீட்டுக்காரரின் ஆள் அறை அறையாகப் போய், ஓட்டில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இங்கே ஆட்கள் குடியிருந்த மாதிரியே இல்லை என்று சொன்னான். அம்மாவுக்கு அது பெரிய புகழ்ச்சி. வருடக்கணக்காக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சந்தோசப்பட்டா.

ஆகவே அண்ணையோடு அதற்கு மேல் கத்தவில்லை. மட்டைகளையும் பிளாஸ்ரிக்கையும் நானே சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். நிலத்துக்கு அடியில் போகும் சூடாக்கியை மெல்லிய சூட்டில் வைக்கச் சொன்னேன். யன்னல்களைக் காலையும் மாலையும் அகலத் திறந்துவிடச் சொன்னேன். அண்ணைக்கு வெறும் கல்லைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சப்பாத்தோடு வருகிற தச்சன், ஏணியோடு வருகிற மின்சாரக்காரன் எல்லோருக்கும் பின்னால் ஒரு துணியோடு திரிந்தாராம். ஒவ்வொரு மாலையும் எனக்குத் தொலைபேசி எடுத்து, "யன்னலுக்குப் பக்கத்திலை இருந்த திட்டு கொஞ்சம் வெளிச்சிட்டுது," "மாடிப்படிக்குக் கீழை இருக்கிறதுதான் மாட்டனெண்டு நிக்குது," என்று நோயாளியின் நிலைமை சொல்வது போலச் சொல்லுவார். ஐயர் வைத்த நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. எனக்கும் உள்ளே பதற்றம்தான், ஆனால் தொலைபேசியில் காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருநாள் ஈரம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தேன், முழுக்கக் காய்ந்திருந்தது. திட்டு ஒன்றுகூட மிச்சமில்லை.

பூசுகிற அன்று அண்ணை வேலைக்குப் போயிருந்தார். அக்கா விடுமுறை எடுத்துக்கொண்டு, போத்தலில் தேத்தண்ணியும் ஒரு பெட்டியில் மீன் ரோல்ஸும் கொண்டுவந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் அகலமான தூரிகையால் ஒவ்வொரு வரிசையாகப் பூசி, கல் குடிக்கும்வரை விட்டு, குடிக்காமல் மிஞ்சியதை உடனே துணியால் துடைத்துக்கொண்டு போனேன். அந்தத் துடைப்பில்தான் வேலையே இருக்கிறது. மிஞ்சியதை விட்டால் கல்லின் மேலே பிசுக்குப் படிந்து, பிறகு கண்ணாடியில் எண்ணெய்க் கை வைத்தது போலத் தெரியும். குளிரோ மணமோ பார்க்காமல் யன்னல்களைத் திறந்துவைத்திருந்தோம். பாதி நிலம் முடிந்திருக்கும்போது அக்கா வாய் திறந்தார்.

"பிள்ளை, ஒரு கல்லுக்கு மட்டும் மருந்து அடியாமல் விடுவீரோ?"

"ஏனக்கா? மருந்து தாராளமாக் கிடக்குது."

"அதுக்கில்லை. குடிபூரலண்டு பால் பொங்க வைக்கிற இடத்திலை இருக்கிற கல்லு. அதிலை கறை பிடிக்க வேணும்."

நான் தூரிகையைத் தட்டில் வைத்துவிட்டு எழும்பினேன். "கறை பிடியாமல் இருக்கத்தானே அக்கா என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

"மற்றதிலை பிடியக்கூடாது. குழம்பு ஊத்துப்பட்டாலும் பிடியக்கூடாது, அவரின்ரை தேத்தண்ணி ஊத்துப்பட்டாலும் பிடியக்கூடாது. அந்த ஒரு கல்லிலை மட்டும் பிடிக்க வேணும். முதல் பொங்கின பால் எங்கை விழுந்தது எண்டு எனக்குத் தெரியவேணும்."

ஏலாது என்று சொன்னேன். முகத்துக்கு நேரேதான் சொன்னேன். வெதுப்பகத்துக்குப் போய், எல்லாப் பாணையும் நன்றாகச் சுட்டுவிட்டு ஒன்றை மட்டும் கருக்கித் தா என்று கேட்பது போல இருந்தது எனக்கு. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொன்னேன். "குடிபூரலுக்கு வுப்பர்டால்ச் சனம் முழுக்க வரும் அக்கா. இதுதான் நான் எங்கட ஆக்களுக்குச் செய்யிற முதல் வேலை. எல்லாற்றை கண்ணுக்கு முன்னாலையும் ஒரு கல்லிலை கறை பிடிச்சால், அது அடியாமல் விட்ட கல்லெண்டு ஆருக்குத் தெரியும்? இவளின்ரை மருந்து இவ்வளவுதான் எண்டு சொல்லிப்போட்டுப் போவினம். பேந்து என்னை ஆர் கூப்பிடுறது?"

அக்கா கோபப்படவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்த நாட்டிலை எத்தினை வீடு மாறிப்போட்டம். மூத்தவன் நடக்கத் தொடங்கினது ஒரு வீட்டிலை. மகளை ஆஸ்பத்திரியிலை இருந்து கொண்டுவந்தது வேறை ஒரு வீட்டுக்கு. அவவுக்குச் சாமத்தியச் சடங்கு செய்தது இன்னொரு வீட்டிலை. எல்லாத்தையும் துடைச்சு, வெள்ளையடிச்சு, நாங்கள் இருந்ததே தெரியாமல் குடுத்திட்டு வந்தனாங்கள். இப்ப அந்த வீடுகளுக்குப் போய் நிண்டு, இஞ்சைதான் இருந்தனாங்கள் எண்டு சொன்னால், நம்பிறதுக்கு ஒரு கீறல்கூட இல்லை பிள்ளை."

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"சொன்னால் விடுவாரோ? அந்தக் கல்லுக்கு மேலை பிளாஸ்ரிக் விரிச்சுப்போட்டு அதுக்கு மேலை அடுப்பை வைப்பார்."

நான் மறுபடியும் முழங்காலில் நின்று மிச்ச வரிசைகளைப் பூசினேன். பூசும்போது அம்மாவுக்குக் கிடைத்த அந்தப் புகழ்ச்சிதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஆட்கள் குடியிருந்த மாதிரியே இல்லை. அதைக் கேட்டு அம்மா சந்தோசப்பட்டது அன்றைக்கு எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. அத்தனை வருடம் ஒரு வீட்டில் இருந்து, சமைத்து, சிரித்து, சண்டை பிடித்துவிட்டு, ஆளே இருக்கவில்லை என்று பெயர் வாங்குவதும் ஒரு பெருமையா?

சமையலறை வாசலுக்கு வந்தபோது, "எந்தக் கல்லக்கா?" என்று கேட்டேன்.

அக்கா ஓடிவந்து கிழக்குப் பார்த்த யன்னலுக்குக் கீழே இருந்த ஒரு கல்லைக் காட்டினார். நான் தலையாட்டினேன். "அது சரிவராது. மஞ்சள் கறை வெயில் பட்டால் மெல்ல மெல்லப் போயிடும். பேந்து உங்களுக்கு ஒண்டும் மிஞ்சாது. வெயில் வராத இடமா எடுக்க வேணும்." கதவு நிலையை ஒட்டி, உள்பக்கமாக இருந்த ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே வைத்தாலும் பானை கிழக்குப் பார்த்துத்தான் பொங்கும். கல்லைச் சுற்றி ஒட்டுப்பட்டி ஒட்டி, பக்கத்துக் கல்லுக்கு அடிக்கிற மருந்து இதற்குள் ஊறாமல் இடைவெளிச் சாந்தையும் சேர்த்து மறைத்தேன். காப்புப் பூசத் தெரிந்தவளுக்குத்தான் பூசாமல் விடவும் ஒழுங்காகத் தெரியும். கறை நிற்கவேண்டும் என்றால், அதையும் நான் திறமாகத்தான் செய்வேன்.

போகும்போது ஒரு கட்டளை போட்டேன். "தேசிக்காய் மட்டும் நிலத்திலை வைக்கக்கூடாது. வெட்டவும் கூடாது, நசுக்கவும் கூடாது. சுண்ணக்கல்லைப் புளி தின்னும், அதுக்கு என்ர மருந்தும் நிக்காது." ஐயரிடம் சொல்லி எலுமிச்சை வேலை எல்லாவற்றையும் தட்டுக்கு மாற்றிக்கொள்வதாக அக்கா சத்தியம் செய்தார்.

குடிபூரலன்று வாசலில் சப்பாத்துகள் ஒரு மலை. நான் நல்ல சேலை ஒன்றைக் கட்டி, கைப்பைக்குள் இரண்டு துடைக்கும் துணிகளையும் வைத்துக்கொண்டு போனேன். அண்ணை வேட்டியோடு, தோளில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, ஏணியில் ஏறி, புகை பட்டால் கத்துகிற கருவிக்குக் குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்ரிக் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் எதையாவது மூடாமல் அவரால் இருக்க முடியவில்லை.

ஐயர் மாவிலையால் மஞ்சள் தண்ணீரை அள்ளி அறை அறையாகத் தெளித்தார். மனிசன் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. கல்லெல்லாம் மஞ்சள் முத்துகள். சனம் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. "ஐயோ, புது மாபிள் பழுதாப் போச்சுது," என்று யாரோ பின்னால் சொன்னார்கள். நான் அவசரப்படவில்லை. ஐயர் அடுத்த அறைக்குப் போகும்வரை நின்றுவிட்டு, குனிந்து, துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். கல் வெட்டியெடுத்த நாள் போல இருந்தது. இன்னொரு இழுப்பு. அதுவும் அப்படியே. சிலர் கைத்தொலைபேசியை எடுத்து என் கையைப் படம் பிடித்தார்கள். நகைக்கடை போல நெஞ்சு நிறைய நகை போட்ட ஒரு அக்கா, "எங்கட வீட்டு வாசல்படிக்கும் உம்மட மருந்து நிக்குமோ பிள்ளை?" என்று கேட்டார். அன்றைக்கு என் தலை முகட்டில் முட்டாதது ஒன்றுதான் குறை.

பிறகு பால். சமையலறை வாசலில், அந்தக் கல்லின் மேல், கையில் தூக்குகிற எரிவாயு அடுப்பு. அடுப்பின் மேல் புதுப்பானை. அக்கா பானையைச் சுற்றி அரைத்த மஞ்சளைத் தடித்துப் பூசியிருந்தார். வழக்கமாகப் பூசுவதைவிட இரண்டு மடங்கு பூசியிருந்தார் என்பது எனக்குத்தான் தெரியும். பால் நுரைத்து ஏறியது. பெண்கள் குரவை வைக்கத் தயாரானார்கள். பால் விளிம்பைத் தாண்டி, கிழக்குப் பக்கமாக, மஞ்சளைக் கழுவிக்கொண்டு இறங்கி, அடுப்பில் சீறி, கல்லில் விழுந்து பரவியது. "பொங்கீட்டுது!" என்று வீடே கத்தியது.

அந்தச் சத்தத்துக்குள் அண்ணை பாய்ந்தார். யோசித்துச் செய்யவில்லை. கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுமே, அப்படி. தோளில் கிடந்த துவாயை இழுத்து, முழங்காலில் விழுந்து, முழுக்கையாலும் ஒரே வழிப்பாக வழித்தார்.

"விடுங்கோ! விடுங்கோ!" என்று அக்கா கத்தியது கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் பிந்திவிட்டது.

அண்ணை துவாயைத் தூக்கினார். அடுத்த கல்லில் ஒன்றும் இல்லை, பளிச்சென்று இருந்தது. ஆனால் இந்தக் கல்லில், பால் விழுந்த இடத்திலிருந்து ஓரம்வரை, ஒரு ஆம்பிளையின் முன்கை அகலத்துக்கு வளைந்த மஞ்சள் வழிப்பு ஒன்று. கல்லின் விளிம்பில் கத்தியால் வெட்டியது போல நின்றது. அவர் மறுபடி தேய்த்தார். அது அசையவில்லை. சூடான பாலின் கொழுப்பும் மஞ்சளும் முதல் நொடியிலேயே உள்ளே இறங்கிவிட்டன.

சனம் எட்டிப் பார்த்தது. "மருந்து எல்லா இடமும் வேலை செய்யேல்லைப் போல," என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் சிரித்தார். என் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்த இடத்தில் நான் பேசாமல் நின்றது எவ்வளவு பெரிய காரியம் என்று. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். சொல்லவேண்டியது என் கதை இல்லை.

அண்ணை முழங்காலில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். "பிள்ளை, இதிலை மட்டும் ஏன் பிடிச்சது?"

"நான்தான் அடிக்க வேண்டாமெண்டு சொன்னனான்," என்றார் அக்கா. எல்லோரும் கேட்கத்தான் சொன்னார். "அந்தப் பிள்ளை மாட்டனெண்டுதான் நிண்டது. நான்தான் கெஞ்சிக் கேட்டனான். எங்கட வீட்டிலை எங்கட பால் பொங்கின அடையாளம் ஒண்டு கிடக்கட்டும் எண்டு. அதையும் நீங்கள் துடைச்சுப்போட்டியள்." கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது.

வீடு அடங்கிப்போனது. ஐயர் மணியைக் கீழே வைத்தார். அண்ணை மனைவியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கையிலிருந்த துவாயைப் பார்த்தார்.

"கீழறையிலை மிச்சக் கல்லு கிடக்குது," என்றார் மெதுவாக. "கழட்டிப்போட்டு வேறை வைக்கலாம்."

அக்கா கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "வேறை ஏதும் போட்டுத் தேய்ச்சால் போகாதோ?"

"போகாது அண்ணை."

"காலம் போகப் போக?"

"வெயில் படாத இடம் பார்த்துத்தான் அண்ணை விட்டனான். நீங்களும் நானும் போனாப் பிறகும் கிடக்கும்." அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த பெருமையை எந்தத் தண்ணீர்த் துளியும் தந்ததில்லை.

"மெய்யாவோ?" என்று கேட்டார். பயந்துபோய்க் கேட்டது போலத்தான் இருந்தது. நான் தலையாட்டினேன். அந்த வழிப்பின் ஓரத்தை விரலால் தடவிவிட்டு, "மெய்யாவோ?" என்று இன்னொருமுறை கேட்டார். இம்முறை குரல் வேறாக இருந்தது. தன் வலது முன்கையைக் கல்லில் அந்த மஞ்சள் வளைவின்மேல் வைத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலும் தண்ணீர் இருந்தது.

"மிச்ச நிலமெல்லாம் இந்தப் பிள்ளை திறமாச் செய்திருக்குது," என்று வந்திருந்த சனத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார். "ஆரும் குறை சொல்லக்கூடாது."

குரவை வைக்க மறந்துபோன பெண்களுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீடு மறுபடியும் சத்தமானது. பானையில் அரிசி போட்டார்கள். நகை போட்ட அந்த அக்காவுக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். அடுப்போரம் பால் இன்னும் கொஞ்சம் தேங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, கையில் டிஷ்யூ பேப்பரோடு கல்லை நோக்கிக் குனிந்தார். அண்ணை அவரின் கையைப் பிடித்துவிட்டார்.

"துடையாதேங்கோ," என்றார்.